சிமென்ட் கட்டையில் ஏறிச் சொல்லாதது

2025 நவம்பர் 22, சனிக்கிழமை. என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது: "நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நேற்று முதல் அமல். பேப்பர் முழுக்க அதுதான். காற்று மோசம், மாடிக்குப் போகவில்லை. மாலை மச்சினன் வந்தான். சாப்பிடவில்லை."

கடைசிச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். என் மனைவி தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்த நாளில் அவள் தம்பி சாப்பிடாமல் போனதாக அதற்கு முன் என் டைரிகள் எதிலும் பதிவு இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் மத்திய அரசுத் துறை ஒன்றின் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொழிலாளர் விவகாரங்கள் சம்பந்தப்பட்ட துறை என்பதால் உலகத்தில் எந்த நாட்டில் முதலாளியும் தொழிலாளியும் எப்படி உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதைப் பற்றிய அறிக்கைகள் எல்லாம் என் கையால் எண் போடப்பட்டு அலமாரிக்குப் போயின. எண் போடும்போது படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. நூலகம் கழித்துக்கட்டிய புத்தகங்களில் ஒரு பகுதி இப்போது தில்லி கரோல் பாகில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தூசு என்று மனைவி சொல்வாள். தூசுதான்.

மச்சினன் அந்தப் புத்தகங்களை ஒருநாளும் திறந்ததில்லை. அவற்றில் எழுதியிருந்ததை அவன் குருகிராமை அடுத்த மானேசரில் நேரில் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி உதிரிபாகங்களுக்குத் தகடு அழுத்தும் ஆலை. அவன் சேர்ந்தபோது அது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கூட்டுத் தொழில். காலையில் எல்லாரும் வரிசையாக நின்று உடற்பயிற்சி, மேலாளருக்கும் கடைசி உதவியாளருக்கும் ஒரே சட்டை, ஒரே கேன்டீன். ஒரு மாற்றம் கொண்டுவர வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஒவ்வொருவரிடமாக வந்து விசாரிப்பார்களாம். முறையான கூட்டம் நடக்கும் நாளில் புதிதாகப் பேச எதுவும் மிச்சம் இருக்காது. டீ மட்டும்தான் புதிது என்பான்.

அங்கே தொழிற்சங்கம் வந்தபோது இவன்தான் செயலாளர். ஹரியானாக்காரர்களும் உத்தரப் பிரதேசத்துக்காரர்களும் பீகார்க்காரர்களும் சேர்ந்து ஒரு தமிழனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எந்தக் கோஷ்டியும் மற்றக் கோஷ்டிக்கு விட்டுக்கொடுக்க விரும்பாததுதான் என்று அவனே சொல்வான். போனஸ் பேச்சு இழுத்தபோது சட்டையில் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வழக்கமான வேகத்திலேயே வேலை செய்தார்கள். ஜப்பானிய மேலாளர் ஒவ்வொரு மெஷினாக வந்து நின்று, ரிப்பனைப் பார்த்து, தலை குனிந்துவிட்டுப் போனார். அந்த வாரமே தீர்ந்தது. பிறகு தில்லிக்கார மேலாளர் ஒருவர் வந்தார். அதே ரிப்பனைக் குத்தினார்கள். அவர் கண்ணில் அது படவே இல்லை.

இதையெல்லாம் விட முக்கியமானது கேட் மீட்டிங். ஆலையின் பெரிய கேட்டுக்கு வெளியே, விளக்குக் கம்பத்தின் அருகே, கட்டுமானத்தில் மிச்சமான சிமென்ட் கட்டை ஒன்று கிடக்கிறது. முழங்கால் உயரம். நிர்வாகத்தோடு எந்தக் கூட்டம் நடந்தாலும் செயலாளர் வெளியே வந்ததும் அதன் மேல் ஏறி, உள்ளே என்ன பேசினார்கள் என்பதை ஷிப்ட் முடிந்து போகிறவர்களுக்கும் ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் ஏறி, ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. மழையிலும் ஏறியிருக்கிறான். காய்ச்சலோடு ஏறியிருக்கிறான்.

பிறகு ஆலை கைமாறியது. வாங்கியது ஒரு ஜெர்மன் குடும்ப நிறுவனம். அங்கிருந்து வந்த ஆலைத் தலைவர் ஐம்பதைத் தாண்டியவர், ஹிந்தி கற்றுக்கொள்ள ஆசிரியர் வைத்துக்கொண்டவர், கேன்டீனில் தட்டைத் தானே கழுவி வைப்பவர். அவருடைய நாட்டில் ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று உண்டு. தொழிற்சங்கம் வேறு, இது வேறு. நிர்வாகம் எதைச் செய்வதாக இருந்தாலும் முன்கூட்டியே இந்த மன்றத்திடம் சொல்லியாக வேண்டும். அதைப் போல ஒன்றை மானேசரிலும் அமைத்தார். நம் சட்டத்தில் 1947 முதல் ஒர்க்ஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் காகிதத்தில். அந்தக் காகிதக் குழுவுக்கு இவர் உயிர் கொடுத்தார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரே கோடைகாலத்தில் பெயின்ட் பகுதிக்கு மின்விசிறி வந்தது, பஸ் பாதை மாறியது. மச்சினன் அந்த நாட்களில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். குழுவில் தொழிலாளர் பக்கத்து முதல் ஆள் அவன்.

அந்தச் சனிக்கிழமை அவன் வந்தபோது, புதுச் சட்டங்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து நான் பேப்பர் வெட்டுத் துண்டுகளை எடுத்து வைத்தேன். அவன் அவற்றைப் பார்க்கவில்லை.

"சட்டம் மாறுனதுக்கா ஒம் மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றாள் என் மனைவி. "தட்டு போட்டாச்சு, ஒக்காரு."

"பசிக்கலக்கா."

"சொதி வச்சிருக்கேன், பசிக்கலங்கான்."

அவன் என்னைப் பார்த்தான். "அத்தான், ஒரு விசயம் சொன்னா நீங்க எழுதி வச்சிருவியளே."

"தேதி மட்டும் போடுதேன், மாப்ளே."

"தேதியும் வேண்டாம். பேனாவ மூடுங்க மொதல்ல."

மூடினேன். டைரிப் பதிவு அவ்வளவு சிறியதாக இருப்பதற்கு அதுதான் காரணம். மற்றதை ஜனவரிக்குப் பிறகுதான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை குழுவைக் கூட்டியிருக்கிறார்கள். வழக்கத்துக்கு மாறாக, தொழிலாளர் பக்கத்திலிருந்து அவனை மட்டும் அழைத்திருக்கிறார்கள். தகடு அழுத்தும் பிரஸ் லைன் முழுவதும் வேறு ஆலைக்குப் போகிறது. நிரந்தர ஊழியர்களுக்கு அங்கே மாற்றல், அல்லது இங்கேயே வேறு லைன். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு எந்த உறுதியும் இல்லை. ஜனவரி இரண்டாவது வாரத்தில்தான் அறிவிப்பு. அதுவரை யாரிடமும் சொல்லக்கூடாது. எப்படிச் செய்தால் ஆட்களுக்குக் கஷ்டம் குறையும் என்பதை இந்த இடைவெளியில் உங்களோடு உட்கார்ந்து பேச விரும்புகிறோம் என்று ஆலைத் தலைவர் சொல்லியிருக்கிறார். ரகசியம் காப்பதாக ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். இவன் போட்டுவிட்டான்.

"வேற ஆலைன்னா எங்க?" என்று கேட்டேன்.

"ஒரகடம்."

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். சென்னைக்குப் பக்கத்து ஒரகடம்.

விஷயம் அங்கேதான் இருந்தது. லைன் புனேவுக்கோ குஜராத்துக்கோ போயிருந்தால் அது நிர்வாகத்தின் முடிவு. தமிழ்நாட்டுக்குப் போகிறது, அதை முன்கூட்டியே அறிந்தவன் ஒரே ஒரு தமிழன், அவன் வாயைத் திறக்கவில்லை. ஜனவரியில் இது வெளியே வரும்போது மானேசரில் என்ன பேசுவார்கள் என்பதற்குப் படிப்பு தேவையில்லை. மத்ராசி லைனைத் தன் ஊருக்குக் கடத்திவிட்டான் என்பார்கள். அவனோ தில்லி மோதி பாகில் அரசாங்கக் குடியிருப்பில் பிறந்தவன். திருநெல்வேலி அவனுக்குப் பள்ளிக்கூட லீவில் போய்வந்த ஊர். தமிழில் பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மானேசரில் அது யாருக்குத் தெரியும், தெரிந்தால்தான் என்ன?

வாயைத் திறந்தாலோ, கொடுத்த கையெழுத்து போகும். வேலை போகலாம். அதைவிட, குழுவை இழுத்து மூடிவிட்டால் ஆட்களுக்காகப் பேசக் கிடைத்த அந்த இடைவெளியும் போகும்.

இன்னொன்றும் நடந்துவிட்டிருந்தது. அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் இறங்கியது. கூட்டம் முடிந்து வெளியே வந்தவன் பெரிய கேட் பக்கம் போகவில்லை. லாரிகள் போகிற மெட்டீரியல் கேட் வழியாகப் போய் ஆட்டோ பிடித்துவிட்டான். கட்டையில் ஏறினால் என்ன சொல்வது என்று தெரியவில்லையாம். அந்த ஆலையில் செயலாளர் கட்டையில் ஏறாமல் போன முதல் நாள் அது. வீட்டை அடைவதற்குள் வாட்ஸப் குழுவில் ஊகங்கள் நிறைந்துவிட்டன. ஆலை மூடப்போகிறது, செயலாளருக்குச் சூப்பர்வைசர் பதவி, புதுச் சட்டத்தில் சங்கமே செல்லாது. சரியான ஊகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ரகசியம் ஒன்று இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அதை அவன் நடந்த பாதையே சொல்லிவிட்டது.

"ஒங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு, அத்தான்?"

இதுவரை அவன் கேட்காத கேள்வி. எடுத்துப் பார்த்துச் சொன்னேன். ஜெர்மனியில் 1952ஆம் ஆண்டுச் சட்டம், 1972இல் மாற்றி எழுதியது, அதற்கும் முன்னோடி 1920இல். மன்றத்தில் இருப்பவர் வியாபார ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது, அது உண்மை. ஆனால் அதே சட்டம் அவரைச் சுலபமாக வேலையை விட்டு நீக்க முடியாது என்கிறது. ஆலையை இடம் மாற்றுவதென்றால் ஆட்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தை மன்றத்தோடு பேசித் தீர்க்க வேண்டும் என்கிறது. ஒத்துவராவிட்டால் நடுவர் முன்னே போகலாம் என்கிறது. வாயை மூடுவதற்குப் பதிலாக அங்கே கையில் ஏதோ கொடுக்கிறார்கள். மானேசருக்கு வந்து சேர்ந்தது வாயை மூடுகிற பகுதி மட்டும்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்ததால் நானும் நிறுத்தவில்லை. பிரிட்டனில் நெடுங்காலம் சட்டமே வேண்டாம், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்றிருந்தார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சட்டத்துக்கு மேல் சட்டமாகக் குவிந்தது. ஸ்வீடனில் 1938இல் முதலாளிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் அரசாங்கத்தை வெளியே நிறுத்திவிட்டு ஒப்பந்தம் போட்டன. நாடு முழுவதற்குமாகப் பேசிய அந்த மேஜை எண்பதுகளில் உடைந்தது. ஜெர்மனியிலும், ஒரு தொழில் முழுவதற்குமாகப் பேசிய பல விஷயங்கள் பிற்பாடு ஒவ்வொரு ஆலைக்குள்ளும் இறங்கிவிட்டன. ஜப்பானில் வசந்தகாலம்தோறும் ஊதிய உயர்வு கேட்கும் வழக்கம் ஐம்பதுகளின் நடுவில் தொடங்கியது. பின்னால் பல ஆண்டுகள் கேட்பதே அடங்கிப் போயிருந்து, இப்போது மறுபடியும் கேட்கிறார்கள். எல்லா நாடும் கடைசியில் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். ஆகவில்லை. எங்கள் துறையின் ஊழியர் பக்கம், அதிகாரிகள் பக்கம் என்ற கூட்டுக் குழு, முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் யோசனை. 1966இல் இங்கே வந்து, இன்னும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு நடக்கிறது. நூலகத்துக்கு ஏர்கூலர் வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை அதில் பரிசீலனையில் இருந்தபடியே நான் ஓய்வு பெற்றேன்.

"இதுல எனக்கு என்ன இருக்கு?" என்றான் மச்சினன்.

"ஒண்ணும் இல்ல," என்றாள் என் மனைவி. "அவுக ஒரு நாடு விடாமச் சொல்லுவாவ. நாளைக்கு என்ன செய்யன்னு கேட்டா அது அடுத்த அலமாரியில இருக்கும்." பிறகு தம்பியிடம் திரும்பி, "அந்த வெள்ளக்காரர் கெட்டவரா?" என்று கேட்டாள்.

"நல்ல மனுசன்தான்க்கா. அதுதான் கஷ்டமா இருக்கு."

வீட்டுக்குள் சொல்வதை வெளியே சொன்னதாகச் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. ஜெர்மன் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பதாக நான் படித்ததில்லை. இதையும் குறித்துவிடுவது நல்லது.

நவம்பர் 24, திங்கள். நான் மெட்ரோ மஞ்சள் லைனில் குருகிராம் வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மானேசர் போனேன். அவன் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனைவி ஒரு எவர்சில்வர் தூக்கில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தனுப்பியிருந்தாள். கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். புகைமூட்டத்தில் ஆலையின் பெயர்ப் பலகையே மங்கலாகத்தான் தெரிந்தது.

காலையில் ஆலைத் தலைவரைப் பார்த்து, இன்று கட்டையில் ஏறப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இதை அவன் பிறகு சொன்னதிலிருந்து எழுதுகிறேன். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியப்பட்டிருக்கிறார். அவருடைய அப்பா வேலை பார்த்த ஆலையில் மன்றத் தலைவர் ஒரு பனிக்காலம் முழுவதும் ஒரு செய்தியைச் சுமந்துகொண்டிருந்தாராம், ஒருவரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லையாம். உங்கள் ஆட்கள் உங்களை நம்பவில்லையா என்று கேட்டிருக்கிறார். நம்புகிறார்கள், அன்றன்று நடந்ததை அன்று மாலையே சொல்லிவிடுவதால் நம்புகிறார்கள் என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான். எதைச் சொல்லப் போகிறீர்கள் என்று அவர் கேட்க, சொல்ல முடியாது என்பதைச் சொல்லப் போகிறேன் என்றிருக்கிறான். நான் தடுக்க மாட்டேன் என்றாராம் அவர். ஆனால் அந்தத் தாள் தம்மிடம் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தியிருக்கிறார்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மச்சினன் ஏறினான். ஹிந்தியில்தான் பேசினான். நான் தமிழில் தருகிறேன்.

"வெள்ளிக்கிழமை நான் சைடு கேட் வழியா ஓடிட்டேன். அது தப்பு. அன்னைக்கே இதுல ஏறி, உள்ளே ஒண்ணு சொன்னாங்க, ஜனவரி வரைக்கும் சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்லியிருக்கணும். இப்போ சொல்றேன். நல்ல செய்தி இல்லை. ஆலை மூடலை. அதுக்கு மேல கேக்காதீங்க. அப்படி ஒரு ஆள் உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே கையைத் தூக்குங்க, இறங்கிடறேன்."

யாரோ பின்னாலிருந்து, சொல்ல முடியாதென்றால் எதற்கு ஏறினாய் என்று கத்தினார். இன்னொருவர், மத்ராசி பேசுவது மத்ராசிக்குத்தான் விளங்கும் என்றார். சிரித்தார்கள். சில கைகள் உயர்ந்தது போலவும் இருந்தது, தலை சொறிந்தது போலவும் இருந்தது. நான் எண்ணவில்லை. எண்ணும் நிலையில் இல்லை.

அப்போது துணைச் செயலாளர் முன்னே வந்தார். ஹரியானாவின் ரேவாரிக்காரர், இவனைவிட மூத்தவர், இரண்டு தேர்தலில் இவனை எதிர்த்து நின்று தோற்றவர். கட்டையில் ஏறவில்லை, ஒரு காலை மட்டும் தூக்கி அதன் மேல் வைத்தார்.

"ஒருத்தன் வாயை மூடினா சந்தேகம் வரத்தான் செய்யும். இவனுக்குச் சொன்னதை எனக்கும் சொல்லட்டும். அதே தாள்ல நானும் கையெழுத்துப் போடறேன். நானும் மூடிக்கறேன்."

கூட்டம் பெரிதாகச் சிரித்தது இதற்குத்தான். "உங்க வாயையா, சாச்சா?" என்று ஒருவன் கேட்டான். அங்கே எல்லாருக்கும் அவர் சாச்சா, சித்தப்பா. சாச்சாவின் வயிற்று ஆப்பரேஷனில் எத்தனை தையல் என்பதுகூட இந்தக் கேட்டுக்கே தெரியும் என்றான் இன்னொருவன். ரேவாரிக்காரரும் சிரித்தார். காலை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கை தூக்கவில்லை.

அவர் டீக்கடைக்கு வந்து, யாருடைய தூக்கு என்று கேட்டு, இட்லியை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார். மிளகாய்ப்பொடியில் கண்ணீர் வந்தது. மச்சினன் அன்றைக்கும் சாப்பிடவில்லை, இட்லி மிஞ்சவில்லை என்பதால்.

ஆலைத் தலைவர் யோசிக்க அவகாசம் கேட்டார். அவருடைய ஊரில் மன்றம் என்றால் பலர், ஒருவரை மட்டும் அழைத்ததே அவசரத்தில் செய்த தவறு என்று ஒப்புக்கொண்டாராம். அந்த வாரத்துக்குள் ரேவாரிக்காரரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்று மாலை இருவரும் பெரிய கேட் வழியாக வந்து கட்டை அருகே நின்றார்கள். ஏறியவர் ரேவாரிக்காரர். இரண்டு கையையும் விரித்தார், வாயைத் திறந்தார், மூடினார், இறங்கிவிட்டார். அவர் பேசாமல் இறங்கியதைப் பார்த்தபிறகுதான் செய்தி எவ்வளவு கெட்டது என்று ஆட்களுக்குப் புரிந்தது. உள்ளே விலைபோன காரியம் எதுவும் இல்லை என்பதும் புரிந்தது என்று மச்சினன் நினைக்கிறான். நான் அங்கே இல்லை.

டிசம்பர் முழுவதும் அவன் என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் குளிரைப் பற்றிப் பேசினான், சாப்பிட்டான், போனான். அந்த மாத டைரியில் மூடுபனியும் ரயில் தாமதமும்தான்.

2026 ஜனவரி 12, திங்களன்று அறிவிப்பு வந்தது. இரண்டு பேரும் கட்டையில் ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னார்கள். நிரந்தர ஊழியர்களில் மாற்றலை ஏற்காதவர்களுக்கு இங்கேயே வேலை, சம்பளம் குறையாது. ஒரகடம் போகிறவர்களுக்குக் குடும்பத்தைக் கொண்டுபோகும் செலவு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு, மற்ற லைன்களில் இடம் வரும்போது முதலில் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று எழுத்தில் வாங்கியிருந்தார்கள். இந்தக் கடைசி அம்சம் நவம்பரில் இல்லை. அது எவ்வளவு தூரம் நடந்தது என்றால், இதை எழுதும்வரை சிலரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எல்லாரையும் இல்லை.

ஒரகடம் என்ற பெயர் காதில் விழுந்ததும் எதிர்பார்த்த பேச்சு வந்தது. மத்ராசி தன் வீட்டுக்கே மெஷினை ஏற்றிவிட்டான் என்று ஒருவன் டீக்கடையில் சொல்லியிருக்கிறான். ரேவாரிக்காரர் அவனைக் கூப்பிட்டு, "நானும்தான் கையெழுத்துப் போட்டேன். என்னை எதைக் கொடுத்து வாங்கினாங்க தெரியுமா? ஒரு தூக்கு இட்லி," என்றாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் இட்லியைச் சேர்க்காமல் அதைச் சொல்ல முடியாமல் போயிற்று, சேர்த்தால் எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சினனுக்கு ஒரகடத்தில் லைன் பொறுப்பாளர் பதவி கொடுத்தார்கள். குடியிருப்பும் உண்டு. அவன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வெல்டிங் லைனுக்குப் போனான். அங்கே அவன் புதியவன், அவனைவிட இளையவர் ஒருவருக்குக் கீழே. என் மனைவிக்குத் தாங்கவில்லை.

"ஊருக்குப் பக்கத்துல போயிரலாம்ல. ஒரு ராத்திரி பஸ்சுதான்."

"போனா அவனுவ சொன்னது சரின்னு ஆயிருமேக்கா."

"அவனுவ சொல்லுததுக்கா நீ வாழுத?"

"பின்ன? அவனுவதான ஓட்டுப் போட்டானுவ."

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவனும் தடுக்கவில்லை.

இது இங்கே முடிந்திருக்கும். மார்ச் மாதம் ஒரகடத்துக்கு மாற்றலாகிப் போன ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். பெரிய பிரஸ் புது இடத்தில் நிற்கிறது, அதன் முன்னே ஆட்கள் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். மச்சினன் அதை எனக்கு அனுப்பிவைத்தான். எனக்கு மனிதர்களைவிட ஓரங்களைப் பார்க்கும் பழக்கம். பெரிதாக்கிப் பார்த்தேன். பிரஸ் நிற்கிற கான்கிரீட் அடித்தளத்தின் ஓரத்தில், ஈரமாக இருக்கும்போது கொத்தனார்கள் ஆணியால் கீறுவார்களே, அப்படி ஒரு தேதி. 28, ஒரு சாய்கோடு, ஒரு 1. அதற்கு மேல் இரும்புத் தகடு மறைக்கிறது.

அந்த 1க்குப் பின்னால் பூஜ்யம் இருந்தால் அக்டோபர் 28. அப்படியென்றால் நவம்பர் 21 அன்று, ஆட்களின் கஷ்டத்தை எப்படிக் குறைக்கலாம், உங்களோடு பேச விரும்புகிறோம் என்று ஆலைத் தலைவர் சொன்னபோது, மெஷின் நிற்கும் இடத்தில் கான்கிரீட் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு 1 என்றால், பேசிய பிறகு ஊற்றியது. 2 என்றாலும் அப்படியே. ஜனவரியாக இருக்க வழியில்லை, பிப்ரவரி முதல் வாரத்திலேயே மெஷினை ஏற்றிவிட்டார்கள், இவ்வளவு கனத்துக்கு அதற்குள் கான்கிரீட் தயாராகியிருக்காது.

மச்சினனிடம் சொன்னேன். அவன் படத்தை ஒருமுறைதான் பார்த்தான். "தெரிஞ்சு என்ன செய்ய, அத்தான்? எந்த மாசமா இருந்தாலும் நான் குடுத்த கையெழுத்து குடுத்ததுதான." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சரி என்று நானும் விட்டேன். விடவில்லை. படம் அனுப்பியவருக்கு எழுதினேன். தகட்டுக்கு அடியில் பார்க்க முடியாது, கொத்தனார்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார். ஆலைத் தலைவர் ஏப்ரலில் ஊர் திரும்பிவிட்டார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினேன். அதில் தேதியைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்திருந்தான். சாப்பிட்டான், அக்காவோடு பேசினான், புது லைனில் கண்ணாடி போட்டும் கண் எரிகிறது என்றான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்தத் தேதி... பத்தா, பதினொண்ணா? தெரிஞ்சுதா அத்தான்?"

இன்னும் இல்லை என்றேன். அச்சா என்று சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு நடந்தான்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒரகடத்தில் பிரஸ்ஸின் அடித்தளம் ஊற்றப்பட்டது 2025 அக்டோபரிலா, நவம்பரிலா, டிசம்பரிலா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.